வீட்டு வாசலில் கார் பிரேக் பேட் மாற்றுவது: முதல்முறை செய்பவர்களுக்கு

ஏலகிரியிலிருந்து இறங்கும்போது 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே வருகிறவர்களை வாரக் கடைசியில் நிறையப் பார்க்கலாம். அடிவாரத்துப் பொன்னேரி வந்து வண்டியை ஓரம் கட்டினால் முன்சக்கரத்திலிருந்து கருகல் வாடை அடிக்கும். சூடேறித் தேய்ந்துகொண்டிருக்கும் பிரேக் பேட்டின் வாடை அது. மலைப் பக்கமே போகாமல் வேலூரில் சத்துவாச்சாரிக்கும் காட்பாடிக்கும் இடையே மட்டும் ஓட்டுகிறவர்களுக்கும் பேட் தேயத்தான் செய்யும். காலை நேரத்தில் கிரீன் சர்க்கிளைத் தாண்டுவதற்குள் கால் எத்தனை முறை பிரேக்குக்குப் போகிறது என்று கவனித்தால் தெரியும். பொதுவாக 30,000 முதல் 50,000 கிலோமீட்டருக்குள் முன்சக்கரப் பேட்டுகளை மாற்ற வேண்டி வரும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்றால் அதற்கும் முன்பே வரலாம்.

இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம். நம் ஊர் மெக்கானிக்குகள் இதைச் சீக்கிரமே முடித்துவிடுவார்கள், கூலியும் பெரிதாக இருக்காது. எனவே பணம் மிச்சம் என்பதற்காக இதைக் கற்றுக்கொள்ளச் சொல்ல மாட்டேன். நீங்களே கழற்றினால்தான் பழைய பேட் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று நிதானமாக உட்கார்ந்து பார்க்க முடியும். கூட்டம் நிற்கும் பட்டறையில் அது கழன்றதும் குப்பைக்குப் போய்விடும். உங்கள் பிரேக்குக்குள் என்ன கோளாறு வளர்கிறது என்பதைத் தேய்ந்த பேட் அப்படியே காட்டிக்கொடுக்கும். அதைப் படிக்கத் தெரிவதுதான் இந்த வேலையின் முக்கியமான பகுதி. அதைப் பார்க்காமல் புதியதை மாட்டுவது பாதி வேலைதான்.

எந்த வண்டியில் செய்யலாம்

நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். இங்கே சொல்வது முன்சக்கர டிஸ்க்குக்கான முறை. சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். அதைக் கவ்வியிருக்கும் பகுதி கேலிப்பர். பெடலை மிதித்ததும் கேலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் பேட்டைத் தள்ளி டிஸ்க்கில் அழுத்தும். டிரம்முக்குள் இருப்பது பிரேக் ஷூ. அதன் ஸ்பிரிங்குகள், அட்ஜஸ்டர் எல்லாம் வேறு கணக்கு. முதல் வேலையாக அதை எடுக்காதீர்கள்.

பின்சக்கரத்திலும் டிஸ்க் உள்ள வண்டிகளில் ஹேண்ட் பிரேக் அந்தக் கேலிப்பரோடு சேர்ந்தே இருப்பது வழக்கம். அதன் பிஸ்டனை அழுத்தினால் போகாது, திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும். பொத்தானை அழுத்திப் போடும் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருந்தால் கம்ப்யூட்டர் கருவி இல்லாமல் பின்சக்கரத்தைத் தொடவே கூடாது. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் சிலவற்றில் பிரேக் தானாகவே அழுத்தம் ஏற்றிக்கொள்ளும். அவற்றையும் சர்வீஸ் சென்டரிலேயே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்க் கசிவு தெரிகிறது, மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாகப் பலமாக இழுக்கிறது என்றால் அது பேட் மாற்றிச் சரியாகும் விஷயம் இல்லை. மெக்கானிக்கை வாசலுக்கு வரவழையுங்கள். நீங்கள் ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.

தேய்ந்துவிட்டதை அறிவது

பல பேட்டுகளின் ஓரத்தில் வளைந்த சிறு தகடு ஒன்று இருக்கும். பேட் தேய்ந்து மெலிந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று கத்தும். அது கத்தத் தொடங்கிய வாரத்திலேயே பேட் வாங்கிவிடுங்கள். கரகரவென்று இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தம் வந்தால் நிலைமை வேறு: பேட்டின் உராய்வுப் பகுதி முழுக்கத் தீர்ந்து, அதைத் தாங்கும் இரும்புத் தகடு டிஸ்க்கை அறுக்கிறது. அன்றே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

சத்தம் வருவதற்கு முன்பும் பார்க்கலாம். அலாய் வீல் என்றால் இடைவெளி வழியாக டார்ச் அடித்தாலே வெளிப்பக்கப் பேட் தெரியும். உராய்வுப் பகுதியின் தடிமன் 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். இப்போது புழங்கும் ஒரு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கினால் ஏறக்குறைய அந்த அளவு வரும். புதுப் பேட்டில் பொதுவாக 10 மி.மீ. அளவுக்கு இருக்கும். பானெட்டுக்குள் பிரேக் ஆயில் டப்பாவின் மட்டம் கசிவே இல்லாமல் மெல்ல இறங்கி வந்திருந்தாலும் அது பேட் தேய்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். பேட் மெலிய மெலிய பிஸ்டன் வெளியே வந்து நிற்கும். அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே போயிருக்கும். அப்படி இறங்கிய ஆயிலை யாராவது நடுவில் மேல்கோடு வரை நிரப்பியிருக்கிறார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

வாங்க வேண்டியவை

பேட் வாங்கக் கடைக்குப் போகும்போது ஆர்.சி. நகலைக் கொண்டுபோங்கள். கார் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஆண்டு, பெட்ரோலா டீசலா, எந்த வேரியன்ட் எல்லாம் வேண்டும். ஒரே மாடலில் வெவ்வேறு கம்பெனிக் கேலிப்பர்கள் வந்திருக்கும் வண்டிகள் உண்டு, அவற்றின் பேட் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பெட்டியைப் பிரித்து நான்கு பேட் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்: ஒரு சக்கரத்துக்கு இரண்டு வீதம் இரண்டு முன்சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரு செட். "ரெண்டு பக்கமும் மாத்திடுங்க சார், ஒண்ணு மட்டும் மாத்துனா வண்டி இழுக்கும்" என்று மெக்கானிக்குகள் சொல்வது வியாபாரத்துக்காக அல்ல. ஒரு பக்கம் புதுசும் மறுபக்கம் பழசுமாக இருந்தால் இரண்டு சக்கரமும் ஒரே அளவில் நிற்காது.

சிறிய கார்களுக்கு ஒரு செட் ஆயிரம் ரூபாயிலிருந்து இரண்டாயிரத்தைச் சுற்றி இருக்கும். அதைவிடப் பாதி விலைக்கு, பெயர் தெரியாத அட்டையில் சுற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். பிரேக் தொழில் நமக்கு அந்நியமான விஷயமும் இல்லை. பழைய வட ஆற்காட்டின் சோளிங்கரில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தின் வார்ப்பட ஆலை இருக்கிறது. அந்த ஆலை வேலை தெரிந்தவர்கள் ராணிப்பேட்டை, வாலாஜா பக்கம் பலர் இருப்பார்கள். உங்கள் உறவிலோ தெருவிலோ அப்படி ஒருவர் கிடைத்தால் புதுப் பேட்டை ஒருமுறை அவர் கையில் கொடுத்துக் காட்டுங்கள்.

பேட்டோடு சேர்த்து பிரேக் கிளீனர் ஸ்பிரே ஒரு கேன், பிரேக்குக்கென்றே விற்கும் அதிக வெப்பம் தாங்கும் சிலிகான் கிரீஸ் ஒரு பாக்கெட், சீல் உடைக்காத பிரேக் ஆயில் சிறிய பாட்டில் ஒன்று வாங்குங்கள். டாட் 3 ஆ, டாட் 4 ஆ என்பது ஆயில் டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். சாதாரண கிரீஸ் வேண்டாம். பெட்ரோலியத்திலிருந்து வரும் கிரீஸ் பட்டால் பிரேக்கின் ரப்பர் உப்பிப்போய், கேலிப்பர் வழுக்கி நகர உதவும் 'பின்' என்ற தண்டு இறுகிவிடும்.

கருவிகளில் ஸ்பேனர், சாக்கெட் செட் இருந்தால் பெரும்பாலும் போதும். கேலிப்பர் போல்ட்டுக்கு 12, 14, 17 இவற்றில் ஒன்று சேரும். தச்சர்கள் பலகை இறுக்கப் பயன்படுத்தும் சி கிளாம்ப், கம்பி பிரஷ், ஒரு முழம் கட்டுக்கம்பி, பனியன் வேஸ்ட், கையுறை, மாஸ்க், பெரிய சிரிஞ்சு ஒன்று வேண்டும். முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் கிடைத்தால் இரவல் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தூக்கிய வண்டியின் பாரத்தைத் தாங்கி நிற்கும் ஜாக்கி ஸ்டாண்டு. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வண்டியோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்ற மட்டும்தான். அதை நம்பி யாரும் கையைக் காலை வண்டிக்கு அடியில் வைக்கக் கூடாது. ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் ஸ்டாண்டுக்கு மாற்று ஆகாது, பாரம் ஏறினால் அவை சொல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்டு இல்லாவிட்டால் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

இடமும் நேரமும்

சமமான சிமென்ட் தரை வேண்டும். மலையடிவாரத்துத் தெருக்களில் பல வீட்டு வாசல்கள் சரிவாகவே இருக்கும், அங்கே செய்யாதீர்கள். போர்ட்டிகோவுக்கு ஏறும் சாய்தளமும் கூடாது. வெறும் மண் தரை என்றால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் கெட்டியான பலகை போட வேண்டும்.

வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும்போது தார் இளகும், ஸ்பேனர் கையைச் சுடும், அவசரம் வரும். விடியற்காலை 6 மணிக்குத் தொடங்குங்கள். முந்தைய இரவே வண்டியை அந்த இடத்தில் நிறுத்திவிட்டால் பிரேக்கும் ஆறியிருக்கும். ஓட்டி வந்த உடனே டிஸ்க்கைத் தொட்டால் தோல் உரியும். முதல் முறைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அன்று மதியம் கல்யாணத்துக்குப் போக வண்டி வேண்டும் என்ற நெருக்கடி இருக்கக் கூடாது. மழை நாளிலும் வேண்டாம்.

கழற்றுவது

ஹேண்ட் பிரேக் போடுங்கள். கியரை முதல் கியரிலோ, ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்கிலோ வையுங்கள். பின்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கருங்கல் துண்டோ கட்டையோ அணை கொடுங்கள். பானெட்டைத் திறந்து ஆயில் டப்பாவைச் சுற்றித் துணி சுற்றி, மூடியைத் தளர்த்தி வையுங்கள். மட்டம் மேல்கோட்டுக்கு அருகில் இருந்தால் சுத்தமான சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். நடுவில் ஆயில் ஊற்றியிருந்தால் இது கட்டாயம். இல்லாவிட்டால் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது வழிந்து பெயின்டைக் கெடுக்கும். பெயின்டில் சிந்திவிட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

முன்சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். டயர் கடையில் மெஷின் வைத்து இறுக்கியிருந்தால் லேசில் அசையாது. ஸ்பேனர் பிடியில் நீளமான இரும்புப் பைப்பைச் சொருகி அழுத்தலாம். இதை முந்தின நாளே ஒருமுறை சோதித்துவிட்டு மறுபடி இறுக்கி வைப்பது நல்லது. ஸ்டீரிங்கையும் இப்போதே திருப்பிக்கொள்ளுங்கள், கேலிப்பரின் முதுகு வெளியே தெரியும் பக்கமாக. போல்ட் தலைகள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். வண்டியின் கையேட்டில் காட்டிய இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, உறுதியான இடத்தில் ஸ்டாண்டை நிறுத்தி, பாரத்தை அதன்மேல் இறக்குங்கள். வண்டியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்க வைப்பது இன்னொரு காப்பு. எதிர்பாராமல் வண்டி சரிந்தாலும் சக்கரத்தின்மேல் உட்காரும்.

இப்போது டிஸ்க்கும் அதைக் கவ்வியிருக்கும் கேலிப்பரும் முழுதாகத் தெரியும். எதையும் தொடுவதற்கு முன் மொபைலில் நான்கு கோணங்களிலிருந்து படம் எடுங்கள். கிளிப் எந்தப் பக்கம் வளைந்திருந்தது, கத்தும் தகடு மேலேயா கீழேயா என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் மறந்துவிடும். படமும் போதாவிட்டால் கழற்றாத மறுபக்கம் இருக்கவே இருக்கிறது.

பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஏர் அடிக்கவும் வேண்டாம். பழைய மலிவான பேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். கலக்காத பேட்டின் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனரை அடித்து ஈரமாக்கித் துணியால் துடையுங்கள்.

கேலிப்பரின் முதுகில் மேலும் கீழுமாக இரண்டு போல்ட் இருக்கும். பல வண்டிகளில் கீழ் போல்ட்டை மட்டும் கழற்றிவிட்டுக் கேலிப்பரைக் கதவு மாதிரி மேலே தூக்கிவிடலாம். போல்ட் தலையை நேராகப் பார்த்த நிலையில் இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். வெளியிலிருந்து எட்டிக் கை விடும்போது திசை மாறித் தெரியும், கவனம். போல்ட்டோடு சேர்ந்து 'பின்' தண்டும் சுற்றினால் அதை இன்னொரு மெல்லிய ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு போல்ட்டையும் கழற்ற வேண்டியிருந்தால் கேலிப்பரை மேலே உள்ள ஸ்பிரிங்கில் கட்டுக்கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். கேலிப்பருக்கு ஆயில் வரும் ரப்பர் ஹோஸில் அதைத் தொங்க விடவே கூடாது. ஹோஸ் உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது.

கேலிப்பர் கழன்று நிற்கும் நேரத்தில் யாரும் பிரேக் பெடலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும், அப்புறம் அது வீட்டு வேலை இல்லை. குழந்தைகள் இருக்கும் வீடென்றால் கார்க் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பேட் சொல்வது

பேட்டுகளைத் தாங்கி நிற்கும் பிராக்கெட்டிலிருந்து இரண்டு பேட்டையும் உருவி எடுங்கள். எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று சாக்பீஸால் எழுதித் துணியில் பக்கம் பக்கமாக வையுங்கள். இங்கே அவசரப்படாதீர்கள்.

இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு தேய்ந்திருந்தால் உங்கள் பிரேக் ஆரோக்கியமாக இருக்கிறது. பிஸ்டன் நேராகத் தள்ளுவது உள்பக்கப் பேட்டைத்தான் என்பதால் அது ஒரு மயிரிழை கூடுதலாகத் தேய்ந்திருப்பது இயல்பு.

உள்பக்கம் காகிதமாகத் தேய்ந்து வெளிப்பக்கம் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறதா? கேலிப்பர் அதன் 'பின்' தண்டுகளில் வழுக்கி நகரவில்லை. பிஸ்டன் தள்ளும்போது கேலிப்பர் முழுவதும் பின்னோக்கி நகர்ந்தால்தான் வெளிப்பக்கப் பேட்டும் டிஸ்க்கைப் பிடிக்கும். பின் இறுகிவிட்டால் உள்பக்கம் மட்டுமே வேலை செய்யும். அல்லது மிதித்து விட்ட பிறகும் பிஸ்டன் பின்வாங்காமல் பேட்டை உரசிக்கொண்டே இருந்திருக்கும். எது என்பது பிஸ்டனைத் தள்ளும்போது தெரிந்துவிடும்.

வெளிப்பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தாலும் சந்தேகம் பின்மேல்தான்: கேலிப்பர் பிடித்த இடத்திலேயே சிக்கிக்கொண்டு வெளிப்பேட்டை விடுவிக்கவில்லை. ஒரே பேட் ஒரு முனையில் தடிமனாகவும் மறுமுனையில் மெலிந்தும் ஆப்பு வடிவத்தில் இருந்தால் இரண்டு பின்களில் ஒன்று இறுகியிருக்கும், இல்லையேல் பேட்டின் காது (இரும்புத் தகட்டின் இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) பிராக்கெட்டில் துருவேறி மாட்டியிருக்கும்.

பேட்டின் உராய்வு முகம் கண்ணாடி போலப் பளபளத்தால், நுண்ணிய வெடிப்புகள் ஓடினால், பேட் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. ஏலகிரியிலிருந்தோ ஜமுனாமரத்தூரிலிருந்தோ பேரணாம்பட்டு மலைச்சாலையிலோ மேல் கியரில் இறங்குகிற வழக்கத்தை விட வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கினால் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் பாதி வேலைதான் செய்யும். முகத்தில் நீளக் கோடுகள் இருந்தால் மணல் துகள் புகுந்திருக்கிறது. டிஸ்க்கிலும் அதே கோடுகள் இருக்கும். பேட் எண்ணெய்ப் பசையோடு இருந்தால் எங்கிருந்தோ கசிகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் ஈரமாக இருந்தால் அங்கேயே வேலையை நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் பெரிய வித்தியாசம் என்றால் அதிகம் தேய்ந்த பக்கத்துப் பிஸ்டனோ ஹோஸோ கோளாறு. நான்கு பேட்டும் கையில் வந்த பிறகுதான் இது தெரியும் என்பதால் எதையும் தூக்கி எறியாதீர்கள்.

நம் பக்கத்தில் இந்தப் பின் இறுகும் கோளாறு வருவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. வருஷத்தில் பாதி நாள் புழுதி, ஐப்பசி கார்த்திகையில் தெருவில் தேங்கும் தண்ணீர். பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறையில் ஒரு சிறு கிழிசல் போதும். புழுதி உள்ளே போய்க் கிரீஸோடு சேர்ந்து களிம்பாகும், அடுத்த மழையில் துருவாகும். ஆகவே பேட் ஒரே சீராகத் தேய்ந்திருந்தாலும் பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் விடாதீர்கள்.

பின், டிஸ்க், பிஸ்டன்

இரண்டு பின்னையும் உருவுங்கள். கையால் இழுத்தால் வர வேண்டும். பல வண்டிகளில் ஒரு பின் மட்டும் நுனியில் ரப்பர் வளையத்தோடு வேறாக இருக்கும், எனவே மேலே இருந்தது எது, கீழே இருந்தது எது என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய கிரீஸைத் துடைத்துக் கிளீனரால் கழுவிக் காயவிட்டு, சிலிகான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவி மறுபடி செலுத்துங்கள். அழுத்தினாலும் இழுத்தாலும் தடையில்லாமல் வழுக்கி நகர வேண்டும். துரு குழி குழியாக அரித்திருந்தால் புதுப் பின் செட் வாங்குங்கள். கிழிந்த உறையையும் மாற்றுங்கள், விலை சொற்பம்.

பிராக்கெட்டில் பேட்டின் காது உட்காரும் இடத்தில் மெல்லிய கிளிப்புகள் இருக்கும். புதுப் பெட்டியில் கிளிப் கொடுத்திருந்தால் பழையதைக் கழற்றி, அடியில் உள்ள துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். கொடுக்காவிட்டால் பழையதையே சுத்தம் செய்து போடலாம்.

டிஸ்க்கின்மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டுகிற ஆழத்தில் பள்ளமோ, ஓரத்தில் உயர்ந்த வரப்போ, வெடிப்போ, நீலம் பாய்ந்த திட்டுகளோ இருந்தால் பேட் மட்டும் மாற்றிப் பயனில்லை. டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே வந்துவிட்டால் அந்த டிஸ்க்கைக் கடைசல் பிடிக்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். மழைக்குப் பின் படியும் மெல்லிய துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும்.

அடுத்தது பிஸ்டன். பழைய பேட் ஒன்றைப் பிஸ்டன்மேல் வைத்து, சி கிளாம்பின் ஒரு முனை அதன்மேலும் மறுமுனை கேலிப்பரின் முதுகிலும் இருக்கும்படி பொருத்தி மெல்ல மெல்லத் திருகுங்கள். துணைக்கு ஒருவர் பானெட் பக்கம் நின்று ஆயில் மட்டத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். மேல்கோட்டைத் தாண்டினால் சிரிஞ்சால் எடுக்கச் சொல்லுங்கள். பிஸ்டன் சீராக உள்ளே போக வேண்டும். கோணலாகப் போனால் தளர்த்தி நேராக்குங்கள். எவ்வளவு அழுத்தியும் நகரவில்லை என்றால் உள்ளே துரு பிடித்திருக்கிறது. சுத்தியலைத் தேடாமல் மெக்கானிக்கிடம் விடுங்கள். ஏர் எடுக்கும் நிப்பிளை இந்த முதல் முறையில் திறக்க வேண்டாம், காற்று புகுந்தால் வேலை இரட்டிப்பாகும்.

மாட்டுவது

புதுப் பேட்டின் காதுகளிலும், இரும்புத் தகட்டின் பின்புறம் பிஸ்டன் படும் இடத்திலும் அதே பிரேக் கிரீஸை லேசாகத் தொட்டு வையுங்கள். உராய்வு முகத்தில் ஒரு பொட்டுகூடப் படக் கூடாது. பட்டால் அந்தப் பேட்டை மாட்டாதீர்கள். கிரீஸ் கையோடு பேட்டை எடுக்காமல் கையுறையை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பேட்டின் உராய்வு முகமும் டிஸ்க்கைப் பார்த்தபடி இருக்க வேண்டும். சொல்லத் தேவையில்லை என்று தோன்றும். ஆனாலும் மாட்டிய பின் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். கத்தும் தகடு பழைய பேட்டில் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம்.

கேலிப்பரை இறக்குங்கள். இடிக்கிறது என்றால் பிஸ்டன் முழுதாக உள்ளே போகவில்லை, இல்லையேல் பேட் கிளிப்பில் சரியாக உட்காரவில்லை. தட்டி உட்கார வைக்க முயலாதீர்கள். போல்ட்டை முதலில் விரலாலேயே சில சுற்று ஏற்றுங்கள், பிறகு ஸ்பேனர். இது சிறிய போல்ட்; சக்கர நட்டு மாதிரி பலம் கொடுத்தால் முறிந்துவிடும். கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குவதே சரி.

சக்கரத்தை மாட்டி நட்டுகளை எதிரெதிராக ஏற்றி, வண்டியை இறக்கிய பின் கடைசி இறுக்கம் கொடுங்கள். பிறகு மறுபக்கம். அங்கே பாதி நேரம்கூட ஆகாது, கைக்குப் பழகியிருக்கும்.

பெடல்

இரண்டு பக்கமும் முடிந்ததும் என்ஜினைத் தொடாமல் ஓட்டுநர் இருக்கையில் உட்காருங்கள். பிரேக்கை மிதித்தால் கால் நேராகத் தரைக்குப் போகும். பிஸ்டன்களை உள்ளே தள்ளிவிட்டதால் பேட்டுக்கும் அவற்றுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, அதனால்தான். பெடல் கல் மாதிரி உயரத்திலேயே நிற்கும் வரை மெதுவாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள். இதை மறந்து வண்டியை எடுத்தால் முதல் பிரேக்கில் வண்டி நிற்காது. வாசலுக்கு எதிரே இருக்கும் சுவரிலோ தெருவில் போகிறவர் மேலோ போய் முட்டும். முடிக்கும் கட்டத்தில் வரும் சோர்வில் மறந்துபோகக் கூடியது இதுதான் என்பதால், தொடங்கும் முன்பே "பெடலை மிதி" என்று ஒரு சீட்டில் எழுதி ஸ்டீரிங்கில் ஒட்டி வைத்துவிடுங்கள்.

மிதித்து முடித்ததும் ஆயில் மட்டத்தைப் பார்த்துத் தேவைப்பட்டால் புது பாட்டிலிலிருந்து ஊற்றி மூடியை இறுக்குங்கள். சிரிஞ்சில் எடுத்த பழைய ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, 140. மலையிறக்கத்தில் சூடேறி ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் நல்ல பேட் இருந்தும் பெடல் தரைக்குப் போய்விடும். இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயில் மாற்றவில்லை என்றால் அதையும் மெக்கானிக்கிடம் சொல்லி மாற்றிவிடுங்கள்.

இப்போது என்ஜினைப் போட்டு, பெடலை மறுபடி மிதித்துப் பார்த்து, அணைக்கற்களை எடுத்துவிட்டு, நடக்கும் வேகத்தில் தெருவிலேயே நான்கைந்து தடவை நிறுத்திப் பாருங்கள். இழுக்கிறதா, அரைக்கிறதா, பெடல் இறங்குகிறதா என்று கவனியுங்கள். எல்லாம் சரி என்றால்தான் பெரிய சாலை.

பேட்டை டிஸ்க்கோடு பழக்குவது

புதுப் பேட் முதல் நாளே முழுப் பிடி கொடுக்காது. கூட்டமில்லாத நேரான சாலையில், பின்னால் வண்டி வராதபோது 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை சீரான அழுத்தத்தில் குறையுங்கள், முழுக்க நிறுத்த வேண்டாம். நடுவே கொஞ்ச தூரம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். இப்படி எட்டுப் பத்து முறை. கொஞ்சம் வாடை வரும், பயமில்லை. முடித்ததும் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி ஆற்றுங்கள். சூட்டோடு பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி நிற்காதீர்கள். தேசிய நெடுஞ்சாலை 48 இதற்கான இடம் இல்லை, அங்கே பின்னால் வரும் லாரிக்கு உங்கள் சோதனை தெரியாது. விடியற்காலையில் ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கக் கிளைச்சாலைகள் தோதானவை.

அடுத்த 300 கி.மீ. வரை திடீர் பிரேக் தவிருங்கள், முன்வண்டிக்கு வழக்கத்தைவிட இடைவெளி விடுங்கள். மலைப் பயணத்தையும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டுகளை ஒருமுறை இறுக்கம் பாருங்கள்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் பாட்டிலில் அடைத்து, பழைய ஆயில் சேர்க்கும் பட்டறையில் கொடுங்கள். சர்வீஸ் புத்தகத்தில் தேதி, கிலோமீட்டர், நான்கு பழைய பேட்டுகளிலும் மிஞ்சியிருந்த தடிமன், எந்தப் பின் இறுகியிருந்தது என்பதை எழுதி வையுங்கள். 10,000 கி.மீ. கழித்து டயர்களை இடம் மாற்றிப் போடும்போது சக்கரம் எப்படியும் கழலும். அப்போது உள்பக்கப் பேட், வெளிப்பக்கப் பேட் இரண்டையும் அளந்து அதே பக்கத்தில் குறித்தால், சுத்தம் செய்த பின் சரியாக நகர்கிறதா என்பது எண்ணிலேயே தெரியும்.